குச்சி மாமாவும் இறங்கிப்போன முள்ளும்

இந்தியாவிலேயே, ஏன், கார் என்ற ஒன்று ஓடுகிற எல்லா நாடுகளையும் சேர்த்தே சொல்கிறேன், தன் காரின் பானட்டை அதிக முறை திறந்து மூடிய மனிதர் எங்கள் ஊர் குச்சி மாமாதான். அவர் காரை ஓட்டிய நேரத்தைவிட அதைத் திறந்துவைத்துக் குனிந்து நின்ற நேரம் அதிகம். எங்கள் ஊர்க் குழந்தைகளுக்கு அவருடைய முகத்தைவிட முதுகுதான் நன்றாக அடையாளம் தெரியும்.

குச்சி என்றதும் ஒல்லியான ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். மாமா ஸ்டீயரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்தால், ஹாரன் அடிக்கக் கையே தேவைப்படாது. எஞ்சினுக்குள் எண்ணெய் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க ஒரு நீளக் கம்பி இருக்குமே, உருவித் துடைத்து, மறுபடி சொருகி உருவிப் பார்ப்பார்களே, அதற்கு எங்கள் பக்கத்தில் ஆயில் குச்சி என்று பெயர். மற்ற டிரைவர்கள் எப்போதாவது உருவிப் பார்க்கிற அந்தக் குச்சியை மாமா வீட்டு வாசலில் ஒரு தடவை உருவுவார். ஊர் எல்லையில் ஒரு தடவை. கோமுகி அணைக் கால்வாய்ப் பாலத்தில் ஒரு தடவை. கச்சிராயபாளையம் தாண்டியதும், ‘எதுக்கும் ஒரு வாட்டி பாத்துடலாம்’ என்று இன்னொரு தடவை. அப்படி வந்த பெயர். அவருடைய நிஜப் பெயர் அவர் மனைவிக்குத் தெரியும். புருஷன் பெயரை வாயால் சொல்லக்கூடாது என்று அந்த அத்தையும் கடைசி வரை சொல்லவில்லை. ஆக, ஊருக்கே அவர் குச்சி மாமா.

இந்த வியாதி அவருக்குப் பிறவியில் வந்ததில்லை. முதலில் அவரிடம் வேறொரு கார் இருந்தது. கல்யாணப் பெண்ணை ஏற்றிக்கொண்டு எலவனாசூர்கோட்டைக்குப் போகும்போது, டேஷ்போர்டில் சின்னதாக ஒரு சிவப்பு லைட் எரிந்திருக்கிறது. பக்கத்தில் இருந்த பெண்ணின் தாய்மாமன், “அழகாத்தான எரியுது, எரியட்டும் வுடு. முகூர்த்தத்துக்கு நேரமாவுது” என்றாராம். மாமாவும் விட்டுவிட்டார். கொஞ்ச தூரத்தில் எஞ்சின் ஒரு முறை அலறிவிட்டு அப்படியே இறுகி நின்றுவிட்டது. எண்ணெய் ஓட்டம் இல்லாமல் இரும்பும் இரும்பும் உரசி, ஒட்டிக்கொண்டுவிட்டன. பின்னால் வந்த டிராக்டரில் கரும்புக் கட்டுகளின் மேல் மாலையும் கழுத்துமாக உட்கார்ந்து போய் இறங்கிய ஒரே மணப்பெண் எங்கள் பக்கத்தில் அவர்தான். கல்யாணம் நடந்தது. கார் எடைக்குப் போனது.

அதற்குப் பிறகு மாமா லைட்டை நம்புவதில்லை.

“லைட்டு இன்னாமா லைட்டு? எல்லாம் முடிஞ்சப்புறம் வந்து துக்கம் வெசாரிக்கிற சொந்தக்காரன் மாதிரி. நமக்கு முன்னாடியே சொல்றவன் வேணும்.”

முன்னாடியே சொல்கிறவனை அவர் ஒரு பழைய லாரியிலிருந்து கழற்றிக்கொண்டு வந்தார். உள்ளங்கை அளவில் வட்டமான மீட்டர். உள்ளே ஒரு முள், அதைச் சுற்றி எண்கள். எஞ்சினுக்குள் ஆயில் எவ்வளவு அழுத்தத்தோடு ஓடுகிறது என்பதை அந்த முள் காட்டும். இரண்டாவதாக வாங்கிய பழைய டீசல் அம்பாசிடரில் அதைப் பொருத்தப்போனால் அவர் பக்கத்தில் இடமில்லை. அங்கே முருகர், பிள்ளையார், பத்தி ஸ்டாண்டு, எலுமிச்சம்பழம் எல்லாம் ஏற்கெனவே குடியிருந்தன. அதனால் ஒரு தகரத் துண்டை வளைத்து, இடது பக்க சீட்டுக்கு எதிரே மாட்டிவிட்டார். இடது ஓரத்தில் உட்காருகிற ஆளுக்கு மட்டும்தான் முள் தெரியும். ஆகவே, அங்கே உட்காருகிறவர் முள் எங்கே நிற்கிறது என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே வர வேண்டும். அதுதான் அந்தக் காரின் சட்டம்.

எனக்கு முன்னால் அந்த வேலையில் யாரும் நிலைக்கவில்லை. ஒருவர் தூங்கிவிட்டார். இன்னொருவர் முள்ளையே பார்த்துக்கொண்டு வந்து, தலைசுற்றி வாந்தி எடுத்தார். வெற்றிலை வியாபாரி ஒருவருக்கு எண் படிக்கத் தெரியாது. அதனால் அவர் திசையாகச் சொன்னார்.

“முள்ளு மல பக்கமா பாக்குது.”

“சரி.”

கார் ஒரு வளைவில் திரும்பியது.

“ஐயையோ, இப்ப ஏரி பக்கமா பாக்குது!”

மாமா போட்ட பிரேக்கில் வெற்றிலைக் கூடை முருகர் மேல் கவிழ்ந்தது. திரும்பியது முள் இல்லை, கார் என்று எல்லோருக்கும் புரிவதற்குள் பானட்டைத் திறந்து குச்சியை உருவியிருந்தார்.

இப்படிக் காலியாக இருந்த பதவிக்குத்தான் நான் வந்து சேர்ந்தேன்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். எதை எழுதினாலும் இந்த வரியை எங்காவது சேர்த்துவிடுவேன். பத்திரிகை ஆசிரியர் வெட்டினால் வேறு இடத்தில் சேர்ப்பேன். பிளஸ் டூவில் நல்ல மார்க் எடுத்து, கள்ளக்குறிச்சியில் பி.எஸ்சி. இயற்பியல் இடமும் கிடைத்தபோது, கரும்பு வெட்டிவிட்டு வந்த அப்பா கை காலைக் கழுவிக்கொண்டே யோசித்தார்.

“எப்டிப் போவ?”

“பஸ்ஸுலதான்பா.”

“அந்த பஸ்ஸு வந்தா வருது, வராட்டி இல்ல. வந்தாலும் படிக்கட்டுல தொங்கிக்கினு வருது. வாணாம். குச்சி கார்ல போறதா இருந்தா போ. அவரு பொறுப்பான ஆளு. கார் நின்னுச்சின்னா உம் படிப்பும் நின்னுச்சி, சொல்லிட்டேன்.”

அதே கல்லூரியில் இடம் கிடைத்த என் தோழி ஸ்டெல்லா வீட்டிலும் அதே பேச்சு. கடைசித் தெரு கோமதி வீட்டிலும் அதேதான். மூன்று அப்பாக்களும் சேர்ந்து பேசி வைத்தமாதிரி ஒரே தீர்ப்பு. நாங்கள் மூன்று பேரும் பட்டதாரி ஆவதும் ஆகாததும் அந்தக் காரின் எஞ்சினுக்குள் ஓடும் எண்ணெயைப் பொறுத்தது என்று ஆகிவிட்டது. எண் படிக்கத் தெரியும், காரில் தூக்கம் வராது என்பதால் இடது சீட் எனக்கு.

“எவ்ளோமா?”

“நாப்பது மாமா.”

“ம்.”

இரண்டு மைல் போவோம்.

“எவ்ளோமா?”

“நாப்பது மாமா.”

“நாப்பதா, நாப்பதுக்கு ஒரு நூலு கம்மியா?”

“நாப்பதுதான் மாமா.”

“பாத்து சொல்லும்மா. வண்டி பேசறத நீதான் எனக்குச் சொல்லணும்.”

பின்சீட்டில் ஸ்டெல்லா கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைத்துக்கொண்டிருப்பாள். பரீட்சைக்கு மனப்பாடம் செய்கிறாள் என்று நினைத்தேன். கேட்டால், “நான் முள்ளுக்காக ஜெபம் பண்றேன்டி. எங்கப்பாவப் பத்தி உனுக்குத் தெரியாது” என்றாள்.

மாமா கல்லூரிக்கு மட்டும் ஓட்டவில்லை. எங்களை விட்டுவிட்டு வந்ததும் வாடகைக்குப் போவார். ஒருமுறை மணலூர்பேட்டைக்குப் பெண் பார்க்கப் போன மாப்பிள்ளை வீட்டாரை ஏற்றிக்கொண்டு போனார். வழியில் அவருக்குச் சந்தேகம் வந்தது. பானட்டைத் திறந்தார். வெள்ளைச் சட்டையில் சந்தனப் பொட்டோடு இறங்கி நின்ற மாப்பிள்ளையைப் பார்த்து, “தம்பி, செத்த நேரம் இந்தக் குச்சியப் புடி” என்றார். தம்பியும் பிடித்தார். பிடித்த எண்ணெய்க் கையாலேயே சட்டைப் பொத்தானை அவிழ்த்து, வேர்வையைத் துடைத்து, மீசையையும் தடவிக்கொண்டார். பெண் வீட்டு வாசலில் போய் இறங்கியபோது, பளபளவென்று வெள்ளை வேட்டி சட்டையில் இருந்தவர் மாமா ஒருவர்தான். அவரை நடுவில் நாற்காலி போட்டு உட்காரவைத்துப் பலகாரம் கொடுத்தார்கள். மாப்பிள்ளைக்குக் கார் பக்கத்திலேயே ஒரு டீ வந்தது.

“மாப்ளைக்கு வயசு கொஞ்சம் ஜாஸ்தியா தெரியுதே” என்று பெண்ணின் பாட்டனார் தயங்கித் தயங்கிக் கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. பெண் உள்ளேயிருந்து, கார் பக்கத்தில் நிற்கிறவரைப் பிடித்திருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டாள். இன்றைக்கும் அந்தத் தம்பதி மாமாவைப் பார்த்தால் கும்பிடுவார்கள்.

கல்வராயன் மலை ஏற்றம் என்றால் இன்னும் கொடுமை. ஒரு குடும்பம் வெள்ளிமலைப் பக்கம் சாமி கும்பிட அவரைக் கூட்டிக்கொண்டு போனது. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்து, எல்லோரையும் இறக்கி, குச்சியை உருவினார். இரண்டு வளைவு பொறுத்துப்பார்த்துவிட்டு அந்தக் குடும்பம் நடக்கத் தொடங்கியது. அவர்கள் மேலே போய், பொங்கல் வைத்து, சாப்பிட்டு, மிச்சத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி வரும்போது, மாமா பாதி மலையில் எதிரே ஏறி வந்துகொண்டிருந்தார். “எங்கடா போனீங்க எல்லாம்?” என்று கோபித்துக்கொண்டாராம்.

ஆயுத பூஜையன்று மற்றவர்கள் காருக்கு மாலை போடுவார்கள். மாமா காருக்குச் சின்ன மாலையும் குச்சிக்குப் பெரிய மரியாதையும் செய்வார். குச்சியை உருவி, புதுத் துண்டால் துடைத்து, வாழை இலையில் படுக்கவைத்து, நுனி முதல் அடி வரை சந்தனம் பூசி, வரிசையாகக் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, கன்னத்தில் போட்டுக்கொண்டு, அப்படியே எஞ்சினுக்குள் சொருகிவிடுவார். வெள்ளிக்கிழமைகளில் இதுவே சுருக்கமாக நடக்கும். குச்சி துடைக்க அவர் தோளில் எப்போதும் ஒரு டர்க்கி துண்டு. பழசு வழவழவென்று ஆகிவிட்டால் குச்சிக்கு மரியாதை இல்லை என்று, பொசுபொசுவென்றிருக்கும் புதுசையே வாங்குவார். சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று மாதத்துக்கு ஒரு நிறம். எங்களுக்கும் கார் பக்தியோடு பராமரிக்கப்படுகிறது என்ற திருப்தி.

இரண்டாம் வருடம் முடிகிற சமயத்தில் முள் இறங்க ஆரம்பித்தது.

முதல் நாள் முப்பத்தைந்து என்றேன். மாமா காரை ஓரம் கட்டிவிட்டு என்னைப் பார்த்த பார்வையில், நான்தான் ஐந்தைத் திருடிவிட்டேன் போலிருந்தது. அவரே சுற்றி வந்து குனிந்து பார்த்தார். முப்பத்தைந்து. அடுத்த வாரம் முப்பது. அதற்கடுத்த வாரம் கச்சிராயபாளையம் தாண்டியதுமே இருபத்தைந்து. குச்சியை உருவினால் எண்ணெய் சரியான அளவில் இருந்தது. எண்ணெய் இருக்கிறது, அழுத்தம் இல்லை. மாமாவுக்குச் சோறு இறங்கவில்லை.

கள்ளக்குறிச்சியில் மெக்கானிக் பாய் என்று ஒருவர். திறமையான ஆள், வாயும் அதே அளவுக்கு நீளம். மாமா தினமும் போய் நின்றதில் பாய் வெறுத்துப்போயிருந்தார். ஒரு நாள் நாங்களும் காரில் இருக்கும்போது, ஒரு வேனுக்கு அடியிலிருந்து குரல் மட்டும் வந்தது.

“பாய் ஊர்ல இல்ல.”

“நீதானய்யா பேசற?”

“ஊர்ல இல்லாத பாய்தான் பேசறன். இன்னா வேணும்?”

“முள்ளு எறங்குது பாய்.”

“உன் மீட்டரு என் தாத்தா காலத்து மீட்டரு. அதான் பொய் சொல்லுது.”

ஆனாலும் பாய் வேலை செய்தார். வேறொரு மீட்டரை மாட்டிப் பார்த்தார். அதுவும் அதே இருபத்தைந்தைக் காட்டியது. எண்ணெய் இளகிவிட்டது என்று அதை வடித்துக் கெட்டியானதாக ஊற்றினார். இரண்டு நாள் முள் ஏறியது, மூன்றாம் நாள் இறங்கியது. ஃபில்டரை மாற்றினார். அழுத்தத்தைக் கட்டுப்படுத்துகிற ஸ்பிரிங்கைக் கழற்றி, இழுத்துப் பார்த்து, மாட்டினார். கடைசியில் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

“பேரிங் தேஞ்சிபோச்சி. சந்து பெருசானா எண்ண நிக்காம ஓடிடும். எஞ்சின எறக்கணும்.”

“எறக்கினா எத்தினி நாளாவும்?”

“ஒரு மாசம் வச்சிக்கோ.”

மாமா திரும்பி எங்கள் மூன்று பேரையும் பார்த்தார். அடுத்த வாரம் பரீட்சை தொடங்க இருந்தது.

“அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம் பாய்” என்று காரை எடுத்துவிட்டார். எண்ணெய் விஷயத்தில் அவர் ‘அப்புறம்’ என்று சொன்னதை நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

இதற்கிடையில் எனக்கு ஒரு விஷயம் கண்ணில் பட்டது. நாள் முழுக்க முள்ளையே பார்க்கிறவளுக்குப் படாமல் போகுமா? காரை மிதித்து வேகமாக ஓட்டினால் முள் இறங்குகிறது. மெதுவாகப் போனால் ஏறுகிறது. நிறுத்தி, கொஞ்சம் ஓய்வு கொடுத்துக் கிளப்பினால் பழையபடி நாற்பது. மாமாவிடம் சொன்னேன்.

“அது எப்டிம்மா? வேகமா போனா பம்பும் வேகமா சுத்தும். முள்ளு ஏறத்தான் ஏறும், எறங்காது. கரும்பு லாரி குலுக்கற குலுக்கல்ல ரோடு கெட்டுப்போயி, உனுக்கு முள்ளு ஆடறமாதிரி தெரியுது.”

“நான் பிசிக்ஸ் படிக்கிறேன் மாமா.”

“படிம்மா. அந்த பொஸ்தகத்துல எங் காரு இல்ல.”

கர்வமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஜன்னல் வழியாகக் கரும்புக் கொல்லைகளைப் பார்த்தேன்.

கார் திணறுகிற செய்தி அப்பா காதுக்கும் போயிருந்தது. பரீட்சைக்கு முந்தின சாயங்காலம் என்னைக் கூப்பிட்டார்.

“நாளைக்கு நேரத்துக்குப் போயி எழுதிட்டு வந்துட்டன்னா சரி. வழியில நின்னுச்சின்னு வந்து நிக்காத. உங்க அத்த ஊட்டுல ரெண்டு வருசமா கேட்டுக்கினு இருக்காங்க. எவ்ளோ நாளைக்கு நான் பதில் சொல்லாம இருக்கறது?”

அப்பாவின் கூடப்பிறந்த அத்தை வீட்டில் கேட்பது என்னைத்தான், அவர்கள் பையனுக்கு.

பரீட்சையன்று சீக்கிரமே கிளம்பினோம். கச்சிராயபாளையம் வரை முப்பது. தாண்டியதும் இருபது. கொஞ்ச நேரத்தில் அதற்கும் கீழே இறங்கியது. இருபதுக்குக் கீழே வந்தால் நிறுத்துவது மாமாவின் சட்டம். நிறுத்தினால் பானட், குச்சி, துண்டு, ஓய்வு. கல்லூரிக் கதவைச் சாத்திவிடுவார்கள். சொல்லாமல் விட்டால் எஞ்சின் இறுகிவிடும்.

“எவ்ளோமா?”

“பதினஞ்சு மாமா.”

மாமா நிறுத்தவில்லை. வேகத்தைக் குறைத்தார்.

“இப்ப?”

“இருவது. இருவத்தஞ்சு. நான்தான் சொன்னேனே மாமா, மெதுவா போனா ஏறுது!”

“சத்தியமாவா ஏறுது?”

“சத்தியமா!”

ஆக, மெதுவாகப் போனோம். எவ்வளவு மெதுவாக என்றால், பால் கேன் கட்டிய சைக்கிள்காரர் ஒருவர் எங்களை முந்திப் போகும்போது, உள்ளே எட்டிப் பார்த்து, “இன்னா குச்சியாரே, சாமி ஊர்வலமா?” என்று கேட்டார். ஓர் ஆட்டு மந்தை முந்தியது. ஆடு மேய்க்கிறவர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு எங்களுடன் நடந்தே கொஞ்ச தூரம் பேசிக்கொண்டு வந்தார். முள் முப்பதில் ராஜா மாதிரி நின்றது. நேரம் ஓடியது. கோமதி அழ ஆரம்பித்தாள். ஸ்டெல்லா ஜெபத்தைப் பாதியில் நிறுத்திவிட்டுக் கத்தினாள்.

“மாமா, கேட்டு சாத்திடுவாங்க! எங்கப்பா என்னிய அனுப்பவே மாட்டாரு!”

மாமா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். முன்னால் நீண்டு கிடந்த ரோட்டைப் பார்த்தார்.

“வேகமா போனா எவ்ளோ காட்டும்?”

“பத்துக்கும் கீழ போவும் மாமா.”

தோளிலிருந்த மஞ்சள் துண்டை எடுத்து, கையை நீட்டி, மீட்டரின் மேல் போட்டு மூடினார்.

“இனிமே அதப் படிக்காத. உன் பொஸ்தகத்த எடுத்துப் படி.”

பிறகு மிதித்தார். அந்தக் காரால் அப்படி ஓட முடியும் என்று அந்தக் காருக்கே தெரிந்திருக்காது. ஏமப்பேர் தாண்டும்போது எஞ்சினுக்குள்ளிருந்து டக டக என்று ஒரு சத்தம் தொடங்கியது. போகப் போக, யாரோ உள்ளே உட்கார்ந்து சுத்தியலால் தட்டுவதுபோல ஆயிற்று. நான் புத்தகத்தைப் பிரித்து வைத்திருந்தேன். ஒரு வரியும் ஏறவில்லை. மாமாவின் முகத்தைப் பார்த்தேன். ஒவ்வொரு தட்டுக்கும் அவர் கண் ஒருமுறை மூடித் திறந்தது, அடி அவர் மேல் விழுவதைப்போல. காலை மட்டும் எடுக்கவில்லை.

கல்லூரி வாசலில் கார் நின்றது. அவர் நிறுத்தவில்லை, அதுவாகவே நின்றது.

“ஓடுங்க, ஓடுங்க! திரும்பிப் பாக்காதீங்க!”

ஓடினோம். வாட்ச்மேன் கேட்டை இழுத்துக்கொண்டிருந்தார். அவர் கைக்கும் கேட்டுக்கும் நடுவில் மூன்று பேரும் நுழைந்துவிட்டோம். கேள்வித்தாளில் திரவங்களின் பாகுத்தன்மை பற்றி ஒரு கேள்வி வந்திருந்தது. நான் எழுதிய பதில் ஆயில் பம்பு வரை போயிற்று. திருத்தியவர் என்ன நினைத்தாரோ, நல்ல மார்க் போட்டிருந்தார்.

பரீட்சை முடிந்து மூவரும் நேராக பாய் கடைக்கு ஓடினோம். காரை ஒரு டிராக்டர் இழுத்துவந்து விட்டிருந்தது. பாய் எஞ்சினின் அடியிலிருக்கும் எண்ணெய்த் தொட்டியைக் கழற்றித் தரையில் வைத்துக்கொண்டு, அதையே வெறித்துப் பார்த்தபடி குந்தியிருந்தார். எண்ணெயை உறிஞ்சி மேலே அனுப்புகிற பம்பின் வாயில் ஒரு சல்லடை உண்டு. அந்தச் சல்லடையே தெரியவில்லை. அதன் மேல் கம்பளி மாதிரி ஒரு மெத்தை. சிவப்பு நூல், பச்சை நூல், மஞ்சள் நூல். அவற்றை ஒட்டவைத்த பசையாக, பாறைபோல் இறுகிய சந்தனம். இரண்டு விரலால் பாய் அதை உரித்துத் தூக்கிப் பிடித்தார். மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

“வாசன வேற வருது. இன்னாய்யா இது, எஞ்சினா, கோயிலா?”

மாமா துண்டை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

“துண்டால தொடச்சியா?”

“ம்.”

“ஒரு நாளைக்கு எத்தினி வாட்டி?”

மாமா விரல் விட்டு எண்ண ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டார்.

“சந்தனம்?”

“வெள்ளிக்கெழம… வெள்ளிக்கெழம…”

“வேகமா இழுத்தா இந்த மெத்த போயி சல்லடைய அடச்சிக்கும். நிறுத்துனா கீழ வுழும். அப்டின்னா வேகமா போனா முள்ளு எறங்கியிருக்கணுமே! பேரிங்கா இருந்தா வேகத்துல ஏறும். யாராவது எங்கிட்ட சொல்லியிருந்தா, ஒரு மணி நேர வேலய்யா இது! ஏன்யா சொல்லல?”

மாமா என்னைக் காட்டினார். “இந்தப் பொண்ணு சொல்லிக்கினேதான் இருந்துச்சி. நான்தான் கேக்கல.”

எனக்குப் பெருமைப்படுவதா அழுவதா என்று தெரியவில்லை. இரண்டையும் கொஞ்சம் செய்தேன். காரைக் கண்ணில் வைத்துப் பார்த்துக்கொண்ட மனிதர், அந்தப் பார்வையாலேயே அதன் மூச்சை அடைத்திருக்கிறார். போதாததற்கு, அன்று ஓட்டிய ஓட்டத்தில் பேரிங்கும் நிஜமாகவே போய்விட்டது. பாய் சொன்ன பழைய கணக்கு இப்போது பலித்தது. எஞ்சினை இறக்க வேண்டும். ஒரு மாதம்.

மீதிப் பரீட்சைகளும் அந்த ஒரு மாதத்தில்தான்.

அன்று சாயங்காலம் அப்பா வாசலில் காத்திருந்தார். அவர் ஆரம்பிப்பதற்குள் மாமா வந்துவிட்டார். வெள்ளைச் சட்டையில் முதல் தடவையாக ஆயில் கறை.

“குச்சி, கார் பூடுச்சாமே” என்றார் அப்பா. “நான் சொன்னது சொன்னதுதான்யா. கார் நின்னா படிப்பு நின்னுச்சி.”

“கார்தான் நின்னுச்சி. நான் நிக்கலியே.”

“இன்னாய்யா சொல்ற?”

“பஸ்ஸுல நான் கூட்டிம்போறேன். நான் கூட்டியாறேன். உம் பொண்ணு எழுதி முடிக்கற வரைக்கும் எனக்கு வேற வேல இல்ல. கார் இல்லாதவனுக்கு இன்னா வேல?”

அப்பா அந்த ஆயில் கறையைப் பார்த்தார். பிறகு உள்ளே திரும்பி, “மாமாவுக்குத் தண்ணி குடும்மா” என்றார். எங்கள் வீட்டில் சம்மதம் என்பதை அப்படித்தான் சொல்வார்கள். மற்ற இரண்டு வீடுகளுக்கும் மாமா அதே சட்டையோடு போய் அதே பேச்சைப் பேசினார்.

மறுநாளிலிருந்து பஸ். கூட்டத்தில் முதலில் மாமா ஏறுவார். அவருடைய பருமன் அப்போதுதான் எங்களுக்கு உபயோகப்பட்டது. சீட்டைத் துண்டால் மறித்து வைத்துக்கொண்டு, “காலேஜி புள்ளைங்க, பரிச்ச, வழி வுடுங்க” என்று எங்களை உட்காரவைப்பார். பிறகு டிரைவருக்குப் பின்னால் போய் நின்றுகொள்வார். இரண்டாம் நாளே சண்டை.

“பிரஷரு எவ்ளோ காட்டுது?”

“யோவ், நீ எறங்கற எடம் வந்தா எறங்கு.”

“இல்ல, சத்தம் கொஞ்சம் மாறிக்கீது. செத்த ஓரம் கட்டுனீங்கன்னா…”

“கண்டக்டரு! இந்தாள பின்னாடி அனுப்பு!”

எங்களை உள்ளே விட்டதும் கல்லூரிக்கு எதிரே புங்கமரத்தடியில் உட்கார்ந்துகொள்வார். பாய் கடைக்குப் போகலாமே என்று கேட்டேன். “அவரு என்னிய கடைக்குள்ளயே வுடல. தொட்டா கைய வெட்டுவேன்னு சொல்லிட்டாரு” என்றார். நாங்கள் வெளியே வரும்வரை அங்கேயே இருப்பார். கேள்வி கஷ்டமா என்று ஒரு நாளும் கேட்டதில்லை. “எழுதினியா?” என்பார். “எழுதினேன்” என்றால், “ம்” என்பார்.

கார் திரும்பி வந்தது. நாங்கள் மூவரும் பட்டமும் வாங்கினோம். இப்போது நான் கள்ளக்குறிச்சியில் ஒரு பள்ளியில் இயற்பியல் சொல்லிக் கொடுக்கிறேன். அப்பா என் வேலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் டீக்கடையில் மற்றவர்கள் எழுந்து போகவேண்டியிருக்கிறது. ஆனால் மாமாவை நினைத்தால் எனக்கு அந்தக் கார் முதலில் ஞாபகத்துக்கு வருவதில்லை. அந்த பஸ்தான் வருகிறது. கடைசிப் பரீட்சையன்று பள்ளிக்கூடங்களுக்கு லீவு விட்டிருந்தார்கள், பஸ் முக்கால்வாசி காலி. மாமா வழக்கம்போலக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“இவ்ளோ எடம் இருக்குதே, உக்காருங்க மாமா.”

“உக்காந்தா தூங்கிடுவேன்மா. நீங்க எறங்கற எடத்த யாரு பாக்கறது?”

அந்த பஸ் கடைசியாக நிற்கிற இடமே கள்ளக்குறிச்சிதான்.